பதிமூன்று புள்ளிகள்

7

"இன்னாக்கா இது, கோயிலாண்ட வந்த மாதிரி கீது! செருப்பக் கழட்டு, போன ஆஃப் பண்ணு, சத்தம் போடாத. உண்டியல் ஒண்ணுதான் காணோம்."

ஆய்வகக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு அழகேசன் சொன்னான். ஞானகுமாரி சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டாள்.

அழகேசன் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பதினைந்து வருடம் ஷேர் வேன் ஓட்டியவன். வேன் போனது, வாய் மட்டும் மிஞ்சியது. அந்த வாய்க்காகவே அவனை உதவியாளனாக வைத்திருந்தாள் ஞானகுமாரி. அவளே உலைக்கூடங்களில் இருபது வருடம் தரப் பரிசோதகராக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு, கொரட்டூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்து மூன்றரை வருடமாகிறது.

கதவைத் திறந்ததும் ஏசி குளிர் முகத்தில் அடித்தது. நடுவில் நின்றது அந்த இயந்திரம். இரும்பு பீரோவுக்குக் கழுத்து முளைத்தது போன்ற உருவம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்னணுக் கதிரை ஓர் உலோகத் துண்டின் மேல் பாய்ச்சி, அந்தப் புள்ளியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடும். பூந்தமல்லி–ஆவடி சாலையில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அது சொந்தமில்லை. சுற்றுவட்டாரக் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் வரிசையில் நின்று, நேரம் குறித்து வாங்கிப் பயன்படுத்தும் பொது இயந்திரம்.

அதற்குப் பொறுப்பாளர் டாக்டர் ரெனிதா. ஞானகுமாரியின் இருபத்தெட்டு வருடத் தோழி. அம்பத்தூர் தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டு பேரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து பாடியவர்கள். ஞானகுமாரியின் கணவன் மருத்துவமனையில் கிடந்த நாற்பது நாளும் வேளை தவறாமல் சாப்பாடு கொண்டு வந்தவள்.

"வாடி ஞானா! ஒரு சோதனை வில்லையைப் பாக்க இவ்ளோ தூரம் வரணுமா? போட்டோ கேட்டா அனுப்பியிருப்பேனே."

"கண்ணால பாத்தாத்தான் எனக்கு நிம்மதி. உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே. கத்திரிக்காய் வாங்கினாலும் நாப்பது தடவை திருப்பிப் பாக்கறவ."

வழக்கு இதுதான். மூன்று வாரத்துக்கு முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கிரேன் கொக்கி முறிந்து, தொங்கிய பாரம் சம்பந்தம் என்ற தொழிலாளியின் மேல் விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. அளவுக்கு மேல் பாரம் தூக்கினான் என்று கிரேன் ஓட்டிய அருளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இருபத்தாறு வயதுப் பையன். இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை. 'எம் புருஷன் எப்படிச் செத்தாருன்னு எனக்குத் தெரியணும்' என்று ஞானகுமாரியின் மாடிப்படி ஏறி வந்தவள் சம்பந்தத்தின் மனைவி குப்பம்மா.

முறிந்த கொக்கியிலிருந்து ஒரு துண்டை எங்கே சோதிப்பது என்று தொழிற்சாலை ஆய்வாளர் பக்தவத்சலம் கேட்டபோது, ஞானகுமாரிதான் சொன்னாள்: "ரெனிதாகிட்ட அனுப்புங்க சார். அவ பாத்தா ரெண்டாவது ஆள் பாக்க வேண்டியதில்ல."

பத்து நாளுக்கு முன்பு அறிக்கை வந்தது. பத்து புள்ளிகளில் சோதனை. பத்திலும் சுத்தமான எஃகு. கந்தகக் கலப்பு இல்லை. கந்தகம் கலந்த எஃகு காய்ந்த ரொட்டி மாதிரி, பார்க்கத்தான் முழுசு, பாரம் விழுந்தால் பிளந்துகொள்ளும். அது இல்லையென்றால் கொக்கி மேல் குற்றமில்லை. ஞானகுமாரியே போய்க் குப்பம்மாவிடம் சொன்னாள், தப்பு அருள் மேல்தான் என்று.

நேற்று சம்பந்தத்தின் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வந்த குப்பம்மா, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். "சாவறதுக்கு முன்ன ஒரு வாரமா சொல்லிகினே இருந்தாரு யக்கா. பாரம் ஏத்துனா கொக்கி கிரீச்சுனு கத்துதுன்னு."

நல்ல கொக்கி கத்தாது. அந்த ஒரு சொல்தான் ஞானகுமாரியை இன்று இங்கே இழுத்து வந்திருந்தது.

ரெனிதா ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிசின் வில்லை. நடுவில் கண்ணாடி போலத் தேய்த்த, முறிந்த கொக்கியின் எஃகுத் துண்டு. ஞானகுமாரி அதை மேசை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் குனிந்தாள். கதிர் விழுந்த இடமெல்லாம் எஃகின் மேல் ஊசிமுனை அளவுக்குக் கருத்துப் போயிருந்தது. ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில்.

எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு அழகேசனைக் கூப்பிட்டாள்.

"எத்தனை கறுப்புப் புள்ளின்னு பாத்துச் சொல்லு."

அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். "ஒண்ணு, ரெண்டு… பதிமூணுக்கா."

"அறிக்கையில பத்து."

"அதெப்படி? இட்லித் தட்டுல பதிமூணு குழி. எலையில வந்தது பத்து. மிச்சம் மூணு இட்லி யாரு வாயிக்குள்ள போச்சு?"

ஞானகுமாரி மறுபடி குனிந்தாள். ஐந்து, ஆறு, ஏழு. அந்த மூன்று புள்ளிகள் மட்டும் எஃகுக்குள் ஓடிய ஒரு மெல்லிய சாம்பல் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தன.

"ரெனி, மூணு புள்ளி குறையுதே?"

ரெனிதா கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். "கீறல் மேல, அழுக்கு மேல விழுந்த புள்ளியை நாங்க சேர்க்க மாட்டோம், ஞானா. அன்னிக்கு மெஷின்ல உக்காந்தது சரண். என் ஆராய்ச்சி மாணவன். அவன் எதை விட்டான், எதைச் சேர்த்தான்னு அவனைத்தான் கேக்கணும். பையனை ரொம்ப மிரட்டிடாத. நல்லவன்தான். கொஞ்சம் அவசரக்காரன்."

சரண் கேன்டீனில் லெமன் சாதத்தோடு போராடிக்கொண்டிருந்தான். அழகேசன் எதிரே உட்கார்ந்தான்.

"தம்பி, மூணு இட்லி கணக்குல இடிக்குது. நீ துன்னியா?"

"சார்?"

ஞானகுமாரி விளக்கியதும் சரணின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நான் பதிமூணு பாயின்ட் வெச்சேன் மேடம். அஞ்சு, ஆறு, ஏழுல கந்தகம் தாறுமாறா ஏறிச்சு. உடனே ரெனிதா மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாலிஷ் பண்றப்ப ஒட்டின அழுக்கா இருக்கும், நான் பாத்துக்கறேன், நீ கிளம்புன்னாங்க. அஞ்சரைக்குக் கிளம்பிட்டேன். அறிக்கை அவங்கதான் எழுதினாங்க."

"பத்துன்னு வந்தப்ப நீ ஏன் கேக்கல?"

"துடைச்சிட்டுத் திரும்பப் பாத்திருப்பாங்கன்னு நினைச்சேன். அவங்க தப்புப் பண்ணி நான் பாத்ததே இல்ல மேடம்."

வெளியே வேப்பமர நிழலில் ஞானகுமாரி நின்றாள். மூச்சு லேசாயிற்று. "பாத்தியா? அழுக்குதான். அவ துடைச்சிருப்பா."

அழகேசன் தலையைச் சொறிந்தான். "அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்காத. அந்த அம்மா உன் சிநேகிதியா இல்லாம யாரோவா இருந்தா, இந்நேரம் நீ அவங்க சமையக்கட்டு வரைக்கும் பூந்து பாத்திருப்ப."

"இருபத்தெட்டு வருஷம், அழகேசா."

"அதுக்கு ஏன்க்கா மொறைக்கிற? வா, ஒரு தபா அந்த நோட்டப் பாத்துட்டுப் போயிடலாம்."

நோட்டு என்றது இயந்திரத்தின் பக்கத்தில் சங்கிலியால் கட்டியிருந்த பதிவேட்டை. அதற்கு மேலே ரெனிதாவே அச்சடித்து ஒட்டிய விதி: 'இயந்திரத்தை ஒரு நிமிடம் தொட்டாலும் எழுதுக.' பத்து இடத்து ஆட்கள் ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தினால், எழுதாத ஒரு நிமிடம் நாளைக்கு ஒரு சண்டை.

அவர்கள் திரும்பியபோது ரெனிதா உள்ளறையில் யாருடனோ போனில் இருந்தாள். அழகேசன் பக்கங்களைப் புரட்டினான். அறிக்கைக்கு முந்தைய நாள். சரணின் பெயர், இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை. அதற்கு அடுத்த வரி வேறு கையெழுத்து. அச்சடித்த மாதிரி நேரான, ஞானகுமாரி வாழ்த்து அட்டைகளில் வருடா வருடம் பார்த்த கையெழுத்து.

'5.45 – 6.50. ரெனிதா. திட்ட மாதிரி – கந்தகம் – மூன்று முறை. சரியாக உள்ளது.'

"திட்ட மாதிரின்னா இன்னாக்கா?"

"கந்தகம் எவ்வளவு இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்ச துண்டு. அதை வெச்சுப் பாத்தா மெஷின் நிஜம் சொல்லுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

"தராசுல படிக்கல்லு வெக்கிற மாதிரி?"

"ஆமா."

அழகேசனின் முகத்திலிருந்த விளையாட்டு மெல்ல இறங்கியது. "அக்கா, தராசு மேல சந்தேகம் வந்தாத்தான் படிக்கல்லு வெப்பாங்க. பொருள் மேல அழுக்குன்னா துணியத்தான எடுக்கணும்?"

ஞானகுமாரி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுக்கு என்று ரெனிதா ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. மூன்று புள்ளியிலும் கந்தகம் என்று இயந்திரம் சொன்னது. இயந்திரம் தவறாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆசையில் ஒரு முறை சோதித்தாள். இரண்டாம் முறை. மூன்றாம் முறை. சரியாக உள்ளது. அதைத் தன் விதிப்படி எழுதியும் வைத்தாள். மறுநாள் காலை உட்கார்ந்து, கந்தகம் இல்லை என்று கையெழுத்துப் போட்டாள்.

பொய் எழுதுவதற்கு முன்னால் உண்மையை மூன்று தடவை சரிபார்த்திருக்கிறாள். ரெனிதாவைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

உள்ளறைக் கதவு திறந்தது. ரெனிதா பதிவேட்டையும் பார்த்தாள், தோழியின் முகத்தையும் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அழகேசன், கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"இருப்பான். இங்கேயே இருப்பான்" என்றாள் ஞானகுமாரி. "பட்டறைக்காரன் மிரட்டினானா?"

"இல்ல."

"பின்ன யாரு? உன் வீட்ல யாருக்காவது ஏதாவது..."

"யாரும் இல்ல ஞானா. நான்தான்." ரெனிதா எழுந்து பீரோவைத் திறந்து ஒரு நீலக் கோப்பை எடுத்தாள். "அந்தத் துண்டோட வந்த கடிதத்துல கொக்கியோட லாட் நம்பர் இருந்தது, ஒரே தடவையில செஞ்ச தொகுதியோட நம்பர். எல்லாருக்கும் அது வெறும் நம்பர். எனக்கு இல்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்த லாட்ல இருபது கொக்கி. ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு வெட்டி, சோதனைக்கு இங்கதான் வந்தது. அந்த வாரம் மெஷின் படுத்துடுச்சு. சரியானப்ப எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு ஸ்லாட், ஒரு மணி நேரம். வெளிய வரிசையில சண்டை. ஒரு துண்டு பாத்தேன். சுத்தமா இருந்தது. மத்த பத்தொம்பதும் அப்படித்தான் இருக்கும்னு..."

"இருபதுக்கும் கையெழுத்துப் போட்ட."

"போட்டேன்."

"அதை மறைக்க ஒரு பையனை உள்ள வெச்சிருக்க. நான் உன்னைக் கை காட்டினேன், ரெனி. நான் சொன்னதாலதான் வேற யாரும் திரும்பப் பாக்கல."

"தெரியும்."

"சரண் மேல திருப்பி விட்டியே இப்ப, மத்தியானம்?"

ரெனிதா தலை குனிந்தாள். "வில்லையைத் தேய்ச்சிருந்தா புள்ளியெல்லாம் போயிருக்கும். ரெண்டு தடவை கையில எடுத்தேன். முடியல." கோப்பைத் திறந்து ஞானகுமாரியின் பக்கம் நகர்த்தினாள். "முழுசாப் படி."

சான்றிதழ் இரண்டு பக்கம். முதல் பக்கத்தின் கீழே சோதனையாளர்: ரெனிதா. ஞானகுமாரி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். தயாரிப்பாளர் தரப்புத் தரப் பரிசோதகர். கீழே ஒரு கையெழுத்து.

அவளுடையது.

நினைவு வர நேரமாகவில்லை. வேலையை விடுவதற்கு முந்தைய மாதம். மேசை நிறையத் தாள்கள். உலைக்கூடத்திலிருந்து ரெனிதாவுக்கு அவளே போன் செய்தாள். இருபதும் பாத்துட்டியா? பாத்துட்டேன் ஞானா, தைரியமாப் போடு. போட்டாள். கத்திரிக்காயை நாற்பது தடவை திருப்பிப் பார்க்கிறவள், இதைத் திருப்பிப் பார்க்காமல் போட்டாள். தரகர் கைமாறி எங்கெங்கோ போன கொக்கியில் ஒன்று, தன் கையெழுத்தோடுதான் சம்பந்தத்தின் தலைக்கு மேல் தொங்கியது என்பது இதுவரை அவளுக்குத் தெரியாது.

"இருபதும் பாத்துட்டேன்னு சொன்னியே, ரெனி."

"சொன்னேன்."

அந்த ஒரு வார்த்தைக்குச் சமாதானம் ஏதாவது சொல்வாள் என்று ஞானகுமாரி காத்திருந்தாள். வந்தது வேறு பேச்சு.

"நான் மட்டும் மாட்டினா பரவால்ல, இதுல உன் பேரும் இருக்கேன்னுதான் மறைச்சேன்" என்றாள் ரெனிதா. "இப்பவும் ஒண்ணும் கெட்டுடல. ரெண்டாம் பக்கத்தைக் கிழிச்சிடறேன். ஒரிஜினல் இது ஒண்ணுதான், உலைக்கூடத்தையும் மூடிட்டாங்க. என் பேரு மட்டும் போகட்டும். மூணு புள்ளியோட அளவும் கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு, தரேன். அருள் வெளிய வந்துடுவான். உனக்கு ஒண்ணும் ஆகாது."

அழகேசனின் கண் தாளின் மேல் இருந்தது.

"மத்த பத்தொம்பது எங்க?" என்றாள் ஞானகுமாரி.

"என்னது?"

"இருபதுல ஒண்ணு முறிஞ்சது. பத்தொம்பது எங்க தொங்குது?"

ரெனிதா நீலக் கோப்பைத் தொட்டுக் காட்டினாள். "தரகர்கிட்ட கேட்டு வாங்கின பட்டியல் பின்னால இருக்கு. போன வாரமே வாங்கிட்டேன்."

"வாங்கி?"

ரெனிதா கோப்பின் தாள்களை அடுக்கி நேராக்கினாள்.

"ஒரு வாரமாத் தெரியும். பத்தொம்பது எடத்துல, கீழ ஆள் நிக்கறாங்கன்னு தெரியும். நீ பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்க."

சுவர்க் கடிகாரம் மூன்றேகாலைக் காட்டியது. நான்கு மணிக்கு எஸ்டேட்டில் ஷிப்ட் மாறும். ஞானகுமாரி போனை உயிர்ப்பித்தாள். பக்தவத்சலம் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சார், எழுதிக்கோங்க. சம்பந்தம் வழக்குல வந்த அறிக்கை பொய். கொக்கியில கந்தகம் இருக்கு. அதே லாட்ல இன்னும் பத்தொம்பது கொக்கி ஓடிட்டிருக்கு. அடுத்த ஷிப்டுக்குள்ள நிறுத்தணும். முகவரி சொல்றேன்."

பட்டியலை ரெனிதாவிடம் நீட்டினாள். "படி."

ரெனிதா படித்தாள். பாடி. திருமுல்லைவாயல், இரண்டு. பட்டாபிராம். ஆவடி, மூன்று. ஒவ்வொன்றையும் ஞானகுமாரி போனில் திருப்பிச் சொன்னாள். பதினோராவது முகவரியில் ரெனிதாவின் குரல் உடைந்தது. ஞானகுமாரி தாளை வாங்கி மிச்சத்தைத் தானே படித்து முடித்தாள்.

"சான்றிதழ்ல யார் யார் கையெழுத்தும்மா?" என்றார் பக்தவத்சலம்.

"ரெண்டு பேர் சார். தரப் பரிசோதகர், ஞானகுமாரி."

"நீங்களா?"

"நான்தான். சோதனையாளர், டாக்டர் ரெனிதா. கோப்பும் வில்லையும் இங்க இருக்கு. நீங்க வந்து எடுத்துக்கற வரைக்கும் என் ஆள் பக்கத்துல உக்காந்திருப்பான்."

போனை வைத்ததும் ரெனிதா கேட்டாள். "இனிமே என்னோட பேச மாட்டியா, ஞானா?"

"தெரியல" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக நடந்தாள்.

கொரட்டூர் ஏரிக்கரை ஓரத் தெருவில், குப்பம்மா வாசல் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஞானகுமாரியைக் கண்டதும் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"இன்னா யக்கா, மூஞ்சே செரியில்ல?"

"குப்பம்மா, அருள் மேல தப்பில்ல. கொக்கிதான் கெட்ட கொக்கி. உன் புருஷன் கேட்ட சத்தம் நெஜம்."

குடம் நிரம்பித் தண்ணீர் வழிந்தது. குப்பம்மா குழாயை மூடவில்லை.

"அத நல்ல கொக்கின்னு எழுதிக் குடுத்தது ரெண்டு பேரு. ஒருத்தி என் சிநேகிதி. இன்னொருத்தி நான்."

"நீயா?"

"நாலு வருஷம் முன்னாடி. அவ சரின்னு சொன்னா, நம்பிப் போட்டேன்."

குப்பம்மா ஞானகுமாரியை மேலும் கீழும் பார்த்தாள், முதல் முறை பார்க்கிற மாதிரி.

"நீ சொன்னன்னு நானும் நம்புனேன் யக்கா. அருளோட அம்மா ஊட்டாண்ட போயி, தெருவே பாக்க, மண்ண வாரித் தூத்திட்டு வந்துகிறேன். உன் புள்ள வெளங்க மாட்டான்னு. அந்தப் பொம்பள ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. கதவ மூடிகினு உள்ள போயிட்டா."

குழாயை மூடினாள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள்.

"வா. ரெண்டு தெரு தள்ளித்தான் ஊடு."

"நான் எதுக்கு, குப்பம்மா? நான் வந்தா..."

"நான் சொன்னா இனிமே அவ நம்புவாளா? கையெழுத்துப் போட்டவ நீ. நீயே உன் வாயால சொல்லு."

திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். ஞானகுமாரி பின்னால் போனாள்.